மாத்திரையும் விபூதிதானா?



புதுக்கோட்டைச் சீமையிலே, பட்டணத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், சித்தன்னவாசல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மலையைக் குடைந்து செய்த கோயில் ஒன்று உண்டு. அதற்கு அறிவர் கோயில் என்று பெயர். மலைக்கு மேலே ஏழடிப்பட்டம் என்கிற குகையிலே, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே சமணத் துறவிகள் படுத்துக்கிடந்த கல் படுக்கைகள் 17 இருக்கின்றன. உடம்பை வருத்தினால் உயிருக்கு நன்மை என்று நம்பியவர்கள் வெறும் பாறையிலே படுத்தார்கள் என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லுகிறார்கள். நாமும் ஏறிப் பார்த்தோம். ஆனால் அன்றைக்கு நம் மனதைவிட்டு அகலாதது அந்தக் கல் படுக்கை அல்ல. மலையைவிட்டு இறங்கி, பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு தோழர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, அடுத்த வீட்டுத் திண்ணையிலே கண்ட வாழையிலைப் படுக்கைதான்.

அதன்மேல் ஓர் அம்மாள் கிடந்தார். வயது ஐம்பதுக்குள். கூலி வேலை செய்து பிழைத்தவர். முதுகிலும் மார்பிலும் தோல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உடைந்து, பச்சைப் புண்ணாகக் கிடந்தது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. நெற்றியிலே விபூதி, கையிலே மந்திரித்த கயிறு, தலைமாட்டிலே வேப்பிலை. மகனைக் கேட்டோம். “ஐயா, எங்க ஆத்தாவுக்கு ஆத்தா வந்திருக்குன்னு சொல்றாங்க. முதல்ல அக்கின்னாங்க, எழுதிப் பார்த்தோம். கேக்கலை” என்றான். தம்பி, இது ஆத்தாளும் அல்ல, அக்கியும் அல்ல, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொன்னோம். அவனும் கொண்டுபோனான். நாமும் ஓர் உயிரைச் சாமியிடமிருந்து மீட்டு வைத்தியத்தினிடம் ஒப்படைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

நான்கு மாதம் கழித்து மறுபடி அந்தப் பக்கம் போனபோது திண்ணை காலியாயிருந்தது. மகன் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து நம் முன் கொட்டினான். எல்லாம் மாத்திரை அட்டைகள், பிதுக்கிப்போட்ட களிம்புக் குழாய்கள். எண்ணிப் பார்த்தோம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின இரண்டு மாதத்திலே மட்டும் மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் வாங்கிய கிருமிக்கொல்லி மாத்திரைகள், அதாவது ஆன்டிபயாட்டிக் என்பவை, ஐந்து வகை. ஒன்றிலே நான்கு மாத்திரை தின்றிருக்கிறது, இன்னொன்றிலே ஆறு, வேறொன்றிலே இரண்டு. பெரிய ஆஸ்பத்திரியிலே கொப்புள நோய் மருந்துக்குக் கட்டுப்பட்டு வந்ததாம். ஆனால் புண்ணிலே குடியேறின கிருமி கட்டுப்படவில்லை. புண்ணின் சீழைச் சோதித்த காகிதத்தையும் காட்டினான். பத்துப் பன்னிரண்டு மருந்தின் பெயர் வரிசையாக எழுதி, ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் நேராக ‘கேட்காது’ என்பதற்கான அடையாளம் போட்டிருந்தது. அந்த ஒன்றிரண்டும் கடைசியில் உதவவில்லை. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது.

நோய் தீர்ந்துகொண்டிருந்தது, நோயாளி செத்துப்போனாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பாளி என்பதுதான் இன்று நாம் கேட்கும் கேள்வி.

முதலில் அந்த நோய் இன்னதென்பதைத் தெரிந்துகொள்ளுவோம். வைத்தியர்கள் அதற்குப் பெம்பிகஸ் என்று பெயர் சொல்லுகிறார்கள். நம் தோல், செங்கல் சுவரைப்போல, செல் என்கிற சிறு சிறு அறைகளை அடுக்கிக் கட்டினது. செங்கல்லுக்கு நடுவே சாந்து இருப்பதுபோல, இந்தச் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பொருள்கள் உண்டு. அவற்றிலே முக்கியமானது டெஸ்மோகிளைன் என்பது. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய், அந்தச் சாந்தை அன்னியப் பொருளென்று எண்ணித் தாக்கினால் சுவர் விட்டுப்போகிறது; இடையிலே நீர் கோத்துக் கொப்புளமாகிறது. பெரும்பாலும் வாய்ப்புண்ணாகத்தான் முதலில் ஆரம்பிக்கும். இது ஒட்டுவாரொட்டி அல்ல. முன் ஜன்மத்துப் பாவமும் அல்ல, செய்வினையும் அல்ல, எந்த அம்மனுடைய கோபமும் அல்ல.

1950க்கு முன்னே இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருஷங்களுக்குள் செத்துப்போனார்கள். அப்போதும் எல்லா ஊரிலும் கோயில் இருந்தது, அபிஷேகமும் நடந்தது, ஒருவரையும் அது காப்பாற்றவில்லை. அதன்பிறகு ஸ்டீராய்டு மருந்து வந்தது. 1980களிலே டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பஸ்ரீச்சா என்பவர், ஏழை நாட்டுக்கு ஏற்றபடி, மாதத்துக்கொரு தடவை சில நாள் மருந்தை இரத்தத்தில் ஏற்றும் முறையை ஏற்படுத்தினார். பின்னர் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தும் வந்தது. இவற்றால் பிழைத்தவர்கள் அநேகர். இது மனித அறிவின் வெற்றி.

ஆனால் இன்றைக்கும் பெம்பிகஸ்காரர்கள் சாகிறார்கள் என்றால், அதற்கு முதற் காரணம் கொப்புளம் அல்ல, கிருமி. தோல் என்பது உடம்பின் மதில். மதில் இடிந்து கிடக்கிறது. நோயை அடக்கக் கொடுக்கும் மருந்தோ உடம்பின் காவற்படையையே அடக்கிவைக்கும் மருந்து. புண்ணிலே நீரும் சத்தும் வடிந்து ஆள் மெலிந்து போகிறார். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியிலே, பல நோயாளிகளுக்கு நடுவிலே கிடக்கவேண்டியிருக்கிறது. சாதாரண ஜனங்களில் பத்துக்கு மூன்று பேர் மூக்கிலே சும்மா தங்கியிருக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் என்ற கிருமியும், ஈரமுள்ள இடங்களில் பெருகும் சூடோமோனாஸ் என்ற கிருமியும் திறந்த வீட்டில் நுழைவதுபோல் நுழைகின்றன. பிறவியிலேயே தோல் உரியும் நோயோடு பிறக்கிற குழந்தைகளுக்கும் இதே கதிதான். இப்படிப்பட்டவர்களுக்குக் கிருமிக்கொல்லி மருந்து என்பது கடைசிக் காவற்காரன். அந்தக் காவற்காரனைத்தான் நாமெல்லோரும் சேர்ந்து சாகடித்துக் கொண்டிருக்கிறோம். எப்படி என்று பார்ப்போம்.

நம் நாட்டில் அக்கி என்பது வந்தால், காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அக்கி ஆறிப்போகும். உடனே “பார்த்தாயா, எழுதினதும் போய்விட்டது” என்பார்கள். வாஸ்தவம் என்னவென்றால், அக்கி பெரும்பாலோருக்கு எழுதினாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எழுதுகிற குயவர் தோழரை நாம் குற்றம் சொல்லவரவில்லை. அவர் தம் பாட்டன் சொன்னதைச் செய்கிறார். ஆனால் அக்கி அல்லாத ஒன்றுக்கு, திறந்த புண்ணின்மேல் மண்ணைப் பூசினால் என்ன ஆகும் என்பதை அவரும் யோசிக்கவேண்டும், நாமும் யோசிக்கவேண்டும்.

நிற்க. இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிற படித்த கனவான்களை ஒன்று கேட்கிறோம். உங்களுக்கு ஜலதோஷம் பிடித்தால் என்ன செய்கிறீர்கள்? கடைக்குப் போய் “ஆன்டிபயாட்டிக் ரெண்டு குடு” என்கிறீர்கள். ஜலதோஷம் வைரஸினால் வருவது. ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தேயொழிய, வைரஸை ஒன்றும் செய்யாது. ஜலதோஷம் ஒரு வாரத்தில் தானாகவே போகும். போனவுடன் “பார்த்தாயா, மாத்திரை போட்டதும் போய்விட்டது” என்கிறீர்கள். சிங்கம் எழுதினவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவன் மண்ணை நம்பினான், நீங்கள் மாத்திரையை நம்பினீர்கள். இன்னதென்று தெரியாமல், எதற்கென்று கேட்காமல், எவ்வளவு, எத்தனை நாள் என்று யோசிக்காமல், கொடுத்ததை வாங்கி வாயில் போட்டுக்கொள்ளுவதுதான் பக்தி என்றால், மாத்திரையும் விபூதிதானே! உண்மையில் விபூதியைவிட மோசம். விபூதி பூசினவனுக்குப் போனது பெரும்பாலும் காசு. இது பூசாத அடுத்த வீட்டுக்காரனையும் கொல்லுகிறது.

அது எப்படி என்றால், கிருமிகள் கோடிக்கணக்கானவை. அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாக மருந்துக்குச் சாகாத தன்மையோடு இருக்கும். மருந்து போட்டால் மற்றவை சாகும், சாகாதவை மிஞ்சும், மிஞ்சினவை பெருகும். அதோடு நில்லாமல், சாகாமலிருக்கும் வித்தையைத் தன் இனத்துக்கும் அன்னிய இனத்துக்கும் அவை பங்கிட்டுக் கொடுக்கின்றன. மனிதனுக்குள்ள ஜாதிக் கட்டுப்பாடு கிருமிக்கு இல்லை! ஆகவே தேவையில்லாமல் விழுங்குகிற ஒவ்வொரு மாத்திரையும் சாகாத கிருமிக்கு நாம் போடுகிற எரு. அந்தப் பயிர் விளைவது நம் வயிற்றிலே. அறுவடையாவது சித்தன்னவாசல் அம்மாளின் முதுகிலே.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கின மேடையிலேயே, விஷயம் தெரியாதவர்கள் குறைந்த அளவாக மருந்தைச் சாப்பிட்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். மருந்தைக் கண்டுபிடித்தவனே சொன்னான். கேட்டோமா? மெதிசிலின் என்ற மருந்து 1959இல் வந்தது. 1961இல் இங்கிலாந்தில் அதற்கும் சாகாத ஸ்டெபிலோகாக்கஸ் வந்துவிட்டது. 2019ஆம் வருஷத்தில் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளாலேயே நேராகச் செத்தவர்கள் உலகத்தில் சுமார் 12,70,000 பேர் என்றும், இந்தியாவில் சுமார் 2,97,000 பேர் என்றும் கணக்கிடப்பட்டிருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட பல ஆன்டிபயாட்டிக் மருந்துகளை விற்கும் கடைக்காரர், டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். 2016இல், அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டில்லாமல் தொடாதே என்று மத்திய சர்க்காரே பிரசாரம் செய்தது. ஸ்டீராய்டும் கிருமிக்கொல்லியும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் படர்தாமரைக்கும் முகப்பூச்சுக்கும் தாராளமாக விற்றதைத் தோல் வைத்தியர்கள் சங்கம் எதிர்த்துப் போராடி, 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று உத்தரவும் வந்தது. கோழித் தீவனத்தில் கடைசி மருந்தாகிய கோலிஸ்டினைக் கலக்கக்கூடாதென்று 2019இல் தடையும் வந்தது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. நம் எதிரே கொட்டின அந்தப் பையில், ஐந்து வகை அட்டையிலும் சிவப்புக் கோடு இருந்தது. விற்றவர் ஒருவரும் சீட்டுக் கேட்கவில்லை. சட்டத்தைச் செய்துவிட்டு அமல் நடத்தாத சர்க்காருக்கும், வரத்தைக் கொடுத்துவிட்டுக் கல்லாய் நிற்கும் சாமிக்கும் என்ன பேதம்?

சர்க்காரின் யோக்கியதையை இன்னொரு விதத்திலும் பார்க்கலாம். டில்லியில் வைத்தியம் செய்துகொண்டு திரும்பிய ஒருவரிடம் சுவீடனிலே ஒரு கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. மிகவும் பலமான மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் அதன் சக்திக்குப் புதுடில்லியின் பேரை வைத்து என்.டி.எம்.-1 என்றார்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும், அது சென்னையிலும் அரியானாவிலும் இங்கிலாந்திலும் பாகிஸ்தானிலும் இருப்பதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். உடனே நம் தேசாபிமானிகள் குதித்தார்கள். எதற்காக? கிருமி இருக்கிறதே என்றா? இல்லை. டில்லியின் பேரை வைத்துவிட்டானே, வெளிநாட்டு நோயாளிகள் வரும் வரும்படி கெட்டுவிடுமே, இது சதி என்று பார்லிமெண்டிலே கூச்சல் போட்டார்கள். மறு வருஷம் டில்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2இல் அது இருப்பதாகவும் ஆராய்ச்சி வந்தது. மானம் பெயரிலே இருக்கிறது என்று நினைக்கிறவனுக்குக் குழாய்த் தண்ணீர் எப்படியிருந்தால் என்ன? ஆனாலும் பொறுப்பறிந்த வைத்தியர்களும் இருந்தார்கள். 2012இல் சென்னையில் வைத்திய சங்கங்கள் பல கூடி, இந்த மருந்துகளைக் காப்பாற்ற என்ன செய்யவேண்டுமென்று ஒரு பிரகடனமே செய்தன.

வைத்தியர்களை மாத்திரம் கும்பிட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. 1847இல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியிலே செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணம் அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்ப்பதனால்தான் தாய்மார்கள் சாகிறார்கள் என்று கண்டு, குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவச் சொன்னார். நூற்றுக்குப் பத்துக்கு மேலிருந்த சாவு இரண்டளவுக்கு இறங்கிற்று. ஆனால் பெரிய டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. “எங்கள் கையா அசுத்தம்?” என்றார்கள். அவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலே செத்தார். அந்த அகங்காரம் இன்றும் சாகவில்லை. சோதனைக்கு ஒரு துளிச் சீழ் எடுக்காமலே பலமான மருந்தை எழுதுகிறவரும், ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்தவரைத் தொடுகிறவரும் எத்தனை படித்திருந்தாலும் நம் கணக்கில் பூசாரிதான். மணிக்கட்டிலே சாமிக் கயிறும் விரலிலே ராசிக்கல் மோதிரமும் இருந்தால் கை சரியாகக் கழுவப்படாது என்பது வைத்தியப் பாடம். அந்தக் கயிற்றோடு புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவர் யாரைக் காப்பாற்றக் கட்டியிருக்கிறார்?

கடைசியாக நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளுகிறோம். நம் பிரசாரகர்களிலே தொண்டை கட்டினால், மேடை ஏறுமுன் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்காதவர் எத்தனை பேர்? இதை எழுதுகிற நாமே விழுங்கியிருக்கிறோம். “கோயிலை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போ” என்று சொன்னோமே தவிர, அங்கே போய் என்ன கேட்கவேண்டும் என்று ஒருநாளாவது சொன்னோமா? கும்பிடுகிற இடத்தை மாற்றுவது பகுத்தறிவு அல்ல. ‘ஏன்’ என்று கேட்பதுதான் பகுத்தறிவு. சித்தன்னவாசல் திண்ணையிலே அந்தத் தம்பியிடம் “இதுவரை என்னென்ன மாத்திரை கொடுத்தாய்? அட்டையைக் கொண்டுவா” என்று ஒரு வார்த்தை கேட்க நமக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்து, அந்த அட்டைகளை டாக்டரிடம் காட்டியிருந்தால், முதல் நாளே தக்க சோதனை நடந்திருக்கக்கூடும்.

ஆகையால், இனிச் செய்யவேண்டியதைச் சொல்லுகிறோம்.

1. ஆறாத வாய்ப்புண்ணோ, காரணமில்லாத கொப்புளமோ கண்டால், மண்ணும் விபூதியும் கடைக் களிம்பும் போடாமல் தோல் வைத்தியரிடம் போகவேண்டும். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

2. சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைச் சீட்டில்லாமல் கேட்கவும் கூடாது. கடைக்காரர் கொடுக்கவும் கூடாது. டாக்டர் கொடுத்தால் சொன்ன அளவும் சொன்ன நாளும் சாப்பிடவேண்டும். மிச்சத்தை அடுத்தவருக்குத் தானம் செய்யக்கூடாது.

3. “இது எந்தக் கிருமிக்கு? சோதனை செய்தீர்களா?” என்று டாக்டரைக் கேட்க வேண்டும். அது அவமரியாதை அல்ல, உரிமை.

4. ஸ்டீராய்டு சூடு என்று எவனோ சொன்னான் என்பதற்காகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

5. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். பிரசாதமும் விபூதியும் வார்டுக்குள் போகக்கூடாது. வாழையிலையில் படுக்கவைப்பது நல்லதே, புண்ணில் ஒட்டாது. தீப்புண்ணுக்கு அது உதவுவதை மும்பை வைத்தியர்கள் ஆராய்ந்து 2003இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இலையை ஆவியில் சுத்தப்படுத்தியிருக்கவேண்டும்.

6. சர்க்கார் ஒவ்வொரு தாலூகா ஆஸ்பத்திரியிலும் கிருமி சோதிக்கும் கூடமும், கொப்புள நோயாளிகளுக்குத் தனி அறையும், கை கழுவத் தண்ணீரும் சோப்பும் தரவேண்டும். மருந்துக் கடைப் புத்தகங்களை மாதந்தோறும் பார்க்கவேண்டும். கும்பாபிஷேகத்துக்குப் பந்தோபஸ்துப் போடத் தெரிந்த சர்க்காருக்கு இது தெரியாதா?

இதெல்லாம் பாமர ஜனங்களால் ஆகுமா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையே பதில். 1991இல் இந்த ஜில்லாவிலே அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது, கூலிக்காரப் பெண்கள் பல்லாயிரம் பேர் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். ஊரார் கேலிக்கு அஞ்சாமல் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, ஒரு மாத்திரை அட்டையிலே சிவப்புக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கவா வராது? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்; அவ்வளவுதான். அந்த வேலையை நம் தோழர்கள் எடுத்துக்கொள்ளவேண்டும். கூட்டம் நடக்கும் ஊர்களிலெல்லாம், வீட்டிலிருக்கும் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லி, அட்டை அட்டையாக எடுத்துக் காட்டிப் பேசவேண்டும்.

அந்தத் தம்பி அன்றைக்கு நம்மைக் கேட்டான்: “ஐயா, சாமியும் கேக்கலை, மருந்தும் கேக்கலை, நாங்க யாரைத்தான் நம்புறது?” அப்போது நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்லுகிறோம். தம்பி, யாரையும் நம்பவேண்டாம், நம்மையுந்தான். எதைக் கொடுத்தாலும் ஏன் என்று கேள். அறிவர் கோயில் இருக்கிற ஊரிலே பிறந்தவன் நீ. கோயில் அங்கேயே இருக்கட்டும், அறிவை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போ.